குறைமாதச் சிசுவும் தாயின் மார்பும்

37 வாரம் நிறையுமுன் பிறக்கும் சிசுவுக்குத் தோலின் கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு. பிறந்த கணத்திலிருந்தே அதன் உடற்சூடு விரைந்து தணியும். குளிர்ந்த உடலில் மூச்சும் தளரும். ஆதலின் அதனை இன்கியுபேட்டர் என்னும் வெப்பப் பேழையில் இடுவதே வைத்தியசாலைகளின் வழக்கமாயிற்று. தாயோ வேறொரு வார்ட்டில் கிடப்பாள்.

கொலம்பியா நாட்டின் பொகொட்டா நகரிலே பேழைகள் போதவில்லை. ஒன்றினுள் பல சிசுக்களைக் கிடத்த நேர்ந்தது, தொற்றுநோய் பரவிற்று. 1978இல் எட்கர் ரே என்னும் வைத்தியர் சிசுவைத் தாயின் வெறும் மார்போடு நிமிர்த்தி அணைத்துக் கட்டச் செய்தார். கங்காரு முறை என்பது இதுவே. வறுமை கற்பித்த வைத்தியம் எனலாம்.

ஆயினும், மூச்சும் நாடியும் சீரான பின்னரே அணைக்கலாமென்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவ்வாறு காத்திருந்த நாட்களிலே அல்லவா பல சிசுக்கள் மாண்டன! இந்தியாவிலும் நான்கு ஆபிரிக்க நாடுகளிலும் 1 முதல் 1.8 கிலோகிராம் வரை எடையுள்ள சிசுக்களிடம் இது ஆராயப்பட்டு, 2021இல் முடிவு வெளியாயிற்று. பிறந்தவுடன் அணைக்கப்பட்டவற்றுள் 28 நாட்களில் இறந்தவை நூற்றுக்கு 12; காத்திருந்து அணைக்கப்பட்டவற்றுள் ஏறத்தாழ 16. வேறுபாடு தெளிவாகவே, ஆராய்ச்சி இடையிலேயே நிறுத்தப்பட்டது.

2022இல் உலக சுகாதாரத் தாபனமும் உடனே அணைத்தலையே பரிந்துரைத்தது. இயந்திரத்தால் சுவாசிக்கும் சிசு முதலியவையே விலக்கு. இதற்குத் தாயின் கட்டிலும் தீவிர சிகிச்சைக் கூடத்தினுள்ளேயே இடம்பெறல் வேண்டும். பெரும்பாலான கட்டிடங்களோ அவ்வாறு அமைந்தவையல்ல.