எலும்பில் இருக்கிறது சூட்சுமம்!

பழனி மலையின் சோலைக் காடுகளுக்குள் ஓடும் சிற்றோடைகளில் ஒரு பிராணி வசிக்கிறது. நீர்நாய் என்று பெயர். பெயரில்தான் நாய், நாய்க்கும் அதற்கும் உறவு கிடையாது. இந்த மலையில் இருப்பது சிறுநக நீர்நாய் என்ற ஜாதி. உலகத்து நீர்நாய்களிலேயே மிகச் சிறியது இதுதான். எடை ஐந்து கிலோவைத் தாண்டுவது அபூர்வம். இருட்டிய பிறகு ஓடையில் இறங்கி, கல்லுக்கடியில் விரல்களை விட்டுத் துழாவும். நண்டு அகப்பட்டால் போதும், ஓட்டோடு சேர்த்துக் 'கடக் கடக்'கென்று கடித்துத் தின்றுவிடும்.

சதையை மட்டும் தின்றுவிட்டு ஓட்டைத் துப்பக் கூடாதா என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால், நண்டின் ஓட்டிலும், மீன் தவளைகளின் எலும்பிலும்தான் அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. காட்டுப் பிராணிக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டுப் பிராணிக்குச் சமைத்துப் போடும் நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது!

இந்த நீர்நாய்க்கு மேல்நாட்டில் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் உண்டு. பெரட் என்பார்கள். பார்வைக்குக் கீரிப்பிள்ளை மாதிரி நீண்ட உடம்பு, குட்டைக் கால், துறுதுறுவென்ற கண்கள். முயல் வளையிலிருந்து முயலை விரட்டுவதற்காக ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவில் இதைப் பழக்கினார்கள். இப்போது அங்கும் அமெரிக்காவிலும் சோபாவில் படுத்துத் தூங்கும் செல்லப் பிராணி. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் சிலர் ஆசைப்பட்டு வளர்க்கிறார்கள். மனிதனுக்கு வரும் ஃபுளூ ஜுரம் இதற்கும் அப்படியே வரும். 1933-ல் லண்டனில் ஃபுளூ கிருமியைக் கண்டுபிடித்ததே பெரட்டுகளை வைத்துத்தான். ஆராய்ச்சி செய்த விஞ்ஞானி ஒருவர் முகத்தில் பெரட் தும்ம, அவர் ஜுரத்தில் படுத்துவிட்டாராம்! ஆகவே, வீட்டில் பெரட் இருந்தால், ஜலதோஷம் பிடித்தவர் அதற்குச் சோறு வைக்கப் போகாதிருப்பது நல்லது.

சோறு என்றா சொன்னேன்? அதுதான் கூடாது. பெரட்டின் குடல் மிகவும் குட்டை. தின்றது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அரிசியும் கோதுமையும் அதற்குள் ஜீரணமாவது எங்கே? மாமிசந்தான் அதன் ஆகாரம்.

நம் வீட்டுப் பூனை விஷயமும் ஏறக்குறைய இதேதான். நாய் மனிதனோடு வெகு காலம் கூடி வாழ்ந்து, சோற்றையும் ரொட்டியையும் ஜீரணிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. பூனை கற்றுக்கொள்ளவே இல்லை. காரட்டிலிருந்து 'ஏ' வைட்டமினைத் தயாரித்துக்கொள்ளும் சக்தி நமக்கு உண்டு, பூனைக்குக் கிடையாது. பால் சோறும் தயிர் சாதமும் தின்று நம் தெருப் பூனைகள் உயிரோடு இருக்கின்றனவே என்றால், மிச்சத்தை அவை எலியிலும் பல்லியிலும் தேடிக்கொள்கின்றன என்று அர்த்தம். மாடி வீட்டில் கதவைச் சாத்தி வளர்க்கும் பூனைக்கு எலி எங்கே? பல்லி எங்கே?

"அப்படியானால் கறியே போடுகிறேன், எலும்பு தொண்டையில் சிக்கும், எடுத்துவிட்டுத் தனிக் கறியாகப் போடுகிறேன்" என்பார்கள் சில பிரியமான எஜமானிகள். ஆபத்து இங்கேதான் ஆரம்பமாகிறது.

லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் சிங்கக் குட்டிகள் பிழைக்காமல் போய்க்கொண்டிருந்தன. கால் வளைந்து, எலும்பு மெலிந்து இறந்தன. இத்தனைக்கும் நல்ல குதிரைக் கறி, கொழுப்பில்லாத கறி, குறைவில்லாமல் போட்டார்கள். 1889-ல் பிளாண்ட்-ஸட்டன் என்ற டாக்டர் வந்து பார்த்தார். எலும்பை நொறுக்கிக் கறியோடு கலக்கச் சொன்னார். மீன் எண்ணெயும் பாலும் சேர்க்கச் சொன்னார். மூன்று மாதத்தில் குட்டிகள் தேறிவிட்டன. சிங்கத்துக்கு நடந்தது பூனைக் குட்டிக்கும் நடக்கும். கறியில் பாஸ்பரஸ் நிறைய. சுண்ணாம்பு அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. உடம்பு என்ன செய்யும்? தன் எலும்பையே கரைத்துச் சரிக்கட்டும். கொழுகொழுவென்று இருக்கும் குட்டி, ஒரு நாள் ஜன்னலிலிருந்து குதிக்கும், கால் முறிந்துவிடும். "பட்டினி போட்டேனா? கோழிக் கறியல்லவா போட்டேன்!" என்று அழுது என்ன பயன்?

இன்னொரு கதை கலிபோர்னியாவில் நடந்தது. பாட்டஞ்சர் என்ற டாக்டர் 1932 முதல் பத்து வருஷம் நூற்றுக்கணக்கான பூனைகளை வளர்த்துப் பார்த்தார். பச்சை மாமிசம் தின்றவை செழித்தன. வேக வைத்ததைத் தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன. காரணம் அவருக்கு விளங்கவில்லை. டாரின் என்ற ஒரு சத்து இல்லாவிட்டால் பூனையின் கண் கெடும் என்று 1975-லும், இருதயம் வீங்கும் என்று 1987-லும் தெரிய வந்தது. கறியை வேக வைத்தால் இந்தச் சத்து தண்ணீரில் இறங்கிவிடுகிறது. தண்ணீரைக் கொட்டினால் சத்தும் போச்சு! கறி வெந்த சாற்றையும் சேர்த்தே வையுங்கள். நெஞ்சுக் கறியைவிடத் தொடைக் கறியிலும், அதைவிட இதயத்திலும் டாரின் அதிகம்.

சாறு என்றதும் உப்பு, வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டுவிடாதீர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நம் ரசத்துக்கு அதைவிட உண்டா? ஆனால் வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுத்துவிடும்.

சரி, பிஸ்கட்டோ தயிர் சாதமோ தின்று பழகிய பிராணியை எப்படிக் கறிக்கும் எலும்புக்கும் திருப்புவது? அவசரம் கூடாது. "பசித்தால் தானே தின்னும்" என்ற நம் வீட்டுப் பெரியவர்களின் வைத்தியம் குழந்தைகளிடம் பலிக்கலாம், இங்கே பலிக்காது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே மோசம் வரும். பெரட்டோ அரை நாள் பட்டினிகூடத் தாங்காது. அதிலும் பெரட்டின் மூக்கு பொல்லாதது. குட்டியில் எந்த வாசனை பழகியதோ அதுதான் சாப்பாடு. மற்றது ஏதோ மண்ணாங்கட்டி என்று தீர்மானித்துவிடும்.

ஆகையால், பழைய தீனியில் ஒரு சிட்டிகை கறி விழுதைக் கலந்து தொடங்குங்கள். பெரட்டுக்குக் கறியை நீர் விட்டுக் கூழாக அரைத்து, விரல் நுனியில் தடவி நக்கவிட வேண்டும். வாரம் போகப் போகப் பழையது குறையட்டும், புதியது கூடட்டும். கூழ் கொத்துக் கறியாகட்டும், கொத்துக் கறி துண்டாகட்டும். ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம். கொடைக்கானல் போன்ற குளிர்ப் பிரதேசத்தில் இன்னொரு விஷயம்: சில்லென்ற கறியில் வாசனை எழும்பாது, பூனை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் சற்று நேரம் வைத்து, எலியின் உடம்புச் சூட்டுக்குக் கொண்டு வந்துவிட்டால் வேலை சுலபம்.

எலும்பு கடைசியில்தான். கோழி இறக்கையின் நுனி, கழுத்து இவைதான் ஆரம்பப் பாடம். பச்சையாகத்தான் கொடுக்க வேண்டும். வெந்த எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழித்துவிடும். மொத்தத் தீனியில் எலும்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஈரல் இருபதில் ஒரு பங்கு போதும். அதிகமானால் 'ஏ' வைட்டமின் மிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு எல்லாம் சேர்த்து 120 முதல் 150 கிராம் வரை சரியாயிருக்கும். கணக்கு சரியா என்பதை மலந்தொட்டி சொல்லிவிடும். வெளுத்துப் பொடிப் பொடியாக விழுந்தால் எலும்பு அதிகம்; கறுத்து இளகிப் போனால் எலும்பு போதாது, அல்லது ஈரல் அதிகம்.

இனி, பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவோம். பச்சைக் கறியில் கிருமி உண்டு. அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2012-லேயே பச்சை மாமிசத் தீனி வேண்டாம் என்று அபிப்பிராயம் சொல்லிவிட்டது. பச்சைக் கறி தின்னும் பூனையின் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி வரக்கூடும். கர்ப்பிணியின் வயிற்றுச் சிசுவுக்கு அது கெடுதல். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் மலந்தொட்டியை வேறொருவர் சுத்தம் செய்யட்டும். 2024 டிசம்பர் கடைசியில் நாகபுரி கோரேவாடா மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் பறவைக் காய்ச்சலில் மடிந்தன. தீனிக்கு வந்த கோழிக் கறியின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. கறியைச் சில நாள் உறைய வைத்தால் புழு பூச்சி பெரும்பாலும் சாகும். பறவைக் காய்ச்சல் கிருமி அதற்கெல்லாம் அசையாது.

நம் ஊர்க் கறிக்கடைகள் வெயிலில் இருக்கும் இருப்பைப் பார்த்தால், பச்சையாகக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, நோயாளியோ உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். அதற்காக எலும்புச் சத்தை விட்டுவிட வேண்டுமா? வழி இருக்கிறது. எலும்பில்லாத கறியை இலேசாக வேக வைத்துச் சாற்றோடு எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்க வைத்து, காய வைத்து, மிக்ஸியில் மாவாய் அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கறியில் சுமார் இரண்டு கிராம் பாஸ்பரஸ். ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய அதே இரண்டு கிராம் சுண்ணாம்பு. கிலோவுக்குத் தலை தட்டி ஒரு டீஸ்பூன் ஓட்டு மாவு. இது மட்டுமே முழு ஆகாரம் ஆகிவிடாது. வேறு எந்தச் சத்தைச் சேர்ப்பதென்று மிருக வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டியாயிருந்தால் அவசியம் கேளுங்கள்.

"ஏண்டி, நம்ம ஆத்துல மாமிசமா? நான் இருக்கிற வரைக்கும் அடுப்பங்கரைப் பக்கம் வரப்படாது!" என்று பாட்டி உட்கார்ந்திருக்கும் வீடுகளும் இருக்கின்றன. அவர்கள் பூனையைத் தயிர் சாதத்தில் வாட்ட வேண்டியதில்லை. கடையில் விற்கும் பூனைத் தீனியில் டாரினும் சுண்ணாம்பும் அளவாகச் சேர்த்திருக்கிறார்கள். உறையைப் படித்து, 'பூனைக்கு முழு ஆகாரம்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நாய்க்கென்று விற்பதை எடுத்து வந்துவிடாதீர்கள். டப்பாவைக் கொல்லைப்புறத் திண்ணையில் வைத்துக்கொண்டால் பாட்டியும் ஒன்றும் சொல்லமாட்டார்.