உங்களுக்குத் தெரியுமா?

பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் வரும் ஜெர்மனியின் இசட்எஃப் 8 கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், ஆயில் அளவு பார்க்க டிப்ஸ்டிக்கே கிடையாது!

• காரைச் சமமாகத் தூக்கி நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் துளையின் மூடியைக் கழற்ற வேண்டும். வழியும் தாரை மெலிந்து சொட்டுச் சொட்டானால் அளவு சரி.

• அப்போது ஆயிலின் சூடு 30 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கத்திரி வெயிலில் அது சட்டென்று ஏறிவிடும், விடியற்காலையே தோது.

• பழைய ஆயிலை வடிக்கும் முன், ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது கழலாவிட்டால், புது ஆயில் ஊற்ற வழியின்றி கார் நின்ற இடத்திலேயேதான்!

• 80,000–1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது இசட்எஃப்.