வலிக்காத தாடை வீக்கம்: சீசன் முடியட்டும் என்று இருக்காதீர்கள்

தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகளுக்கு விடுமுறை விட்டதும், சிவகாசி, சாத்தூர் பக்கமிருந்து தாடை வீக்கத்தோடு சிலர் வருவார்கள். "வலியே இல்ல டாக்டர், சீசன் முடியட்டும்னு விட்டுட்டேன்" என்பார்கள். அதற்குள் கன்னம் புடைத்து, கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியிருக்கும். வீக்கத்தை அமுக்கினால் முட்டை ஓடுபோல் எலும்பு நொறுநொறுக்கும்.

இவர்களில் சிலருக்கு இருப்பது அமெலோபிளாஸ்டோமா. பல்லை உருவாக்கும் திசுவிலிருந்து கிளம்பும் அரிய கட்டி. பெரும்பாலும் கீழ்த்தாடையில் வரும். புற்றுநோய் அல்ல. ஆனால் வலிக்காமலே ஆண்டுக்கணக்கில் எலும்பைத் தின்னும்.

கேட்டுக் கேட்டுச் சலித்தவை

"பொன்னுக்கு வீங்கிதான்": கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். பொன்னுக்கு வீங்கி ஓரிரு வாரத்தில் தானே வடிந்துவிடும். மூன்று வாரம் தாண்டியும் நிற்கும் வீக்கம் வேறு.

"பத்துப் போட்டால் கரையும்": எலும்புக்குள் இருக்கும் கட்டியைத் தோல்மேல் தடவும் பத்து என்ன செய்யும்? ஒத்தடம் கொடுத்துக் கன்னம் வெந்ததுதான் மிச்சம்.

"மெடிக்கல்ல மாத்திரை வாங்கிட்டேன்": எந்த ஆன்டிபயாட்டிக்கும் இந்தக் கட்டியைக் கரைக்காது. தயவுசெய்து நீங்களே மருத்துவராகாதீர்கள்.

"கத்தி பட்டால் புற்றாகிவிடும்": ஆகாது. சதை எடுத்துப் பார்க்காமல் எது சாதாரணக் கட்டி, எது புற்று என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

"தீப்பெட்டி ஆபீஸ் மருந்தால் வந்தது": அந்தக் காலத்தில் தீக்குச்சியில் சேர்த்த வெள்ளைப் பாஸ்பரஸ் தாடையை அழுக வைத்தது உண்மை. இந்தியாவில் 1913லேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியதே 1923இல்தான். அந்த நோய் வேறு, இந்தக் கட்டி வேறு.

பரிசோதனை

ஓ.பி.ஜி. எக்ஸ்ரே (தாடை முழுவதையும் ஒரே படத்தில் காட்டுவது), சி.டி. ஸ்கேன், சதைப் பரிசோதனை.

சிகிச்சை

வெறுமனே சுரண்டி எடுத்தால் பலருக்குத் திரும்ப வரும். அதனால் பெரும்பாலும் கட்டியைச் சுற்றி 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்தே அகற்றுகிறோம். தாடையின் பெரும்பகுதி போய்விட்டால் காலின் சிற்றெலும்பை எடுத்துப் பொருத்தலாம். பல ஆண்டு கழித்தும் கட்டி தலைகாட்டும் என்பதால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று மறுபரிசோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

கெஞ்சிக் கேட்கிறேன்

இதைத் தடுக்கத் தடுப்பூசி இல்லை. சீக்கிரம் வருவதுதான் தாடையைக் காக்கும் வழி. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, காரணமில்லாமல் பல் ஆடினாலோ, பல் பிடுங்கிய புண் ஆறாவிட்டாலோ உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிவகாசி ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போங்கள், இல்லாவிட்டால் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஒருநாள் கூலி போனால் மறுநாள் சம்பாதித்துக்கொள்ளலாம். தாடை போனால் அப்படி இல்லை.