ராஜபாளையம் குட்டி வாங்க ₹10,000 போதும். வளர்க்க வருஷத்துக்கு 68 ஷிப்ட் வேணும்

பைக் வாங்கலாமா, எஸ்.ஐ.பி. போடலாமா, பெர்சனல் லோனை முன்கூட்டியே அடைக்கலாமான்னு நீங்க கேக்குற கேள்விகளுக்கு நடுவுல வேற ஒரு கேள்வியும் அப்பப்ப வருது. "சார், கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை. தெரிஞ்சவர் ராஜபாளையம் குட்டி பத்தாயிரத்துக்குத் தர்றாரு. வாங்கலாமா?" சிலர் சிப்பிப்பாறை கேக்குறாங்க. ரீல்ஸ் அதிகமா பாக்குறவங்க பெல்ஜியன் மாலினாய்ஸ் கேக்குறாங்க.

நாயைப் பழக்குறது என் தொழில் இல்ல. நான் சி.ஏ. எனக்குத் தெரிஞ்ச கோணம் ஒண்ணுதான்: ஒரு பொருளோட விலையையும், அதை வெச்சிருக்க ஆகுற செலவையும் தனித்தனியா பாக்கணும். கார் விஷயத்துல இதை எல்லாரும் செய்றோம். மைலேஜ், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் கேக்குறோம். வேட்டைக்கும் காவலுக்கும்னே உருவான ஒரு நாய்கிட்ட மட்டும் குட்டி விலையைக் கேட்டுட்டு நிறுத்திடுறோம்.

வேலை போச்சு, உடம்பு அப்படியே இருக்கு

ராஜபாளையம், சிப்பிப்பாறை ரெண்டுமே விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பேருங்க. கோம்பை தேனிப் பக்கம். கன்னி, கோவில்பட்டி வட்டாரம். ராஜபாளையம் வெள்ளை உடம்பும் ரோஸ் மூக்குமா இருக்கும். தோட்டக் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்த்தாங்க. சிப்பிப்பாறை ஒல்லி. முயல் பின்னாடி ஓடுறதுக்குன்னே செஞ்ச மாதிரி உடம்பு. 2005-ல இந்திய அஞ்சல் துறை நாலு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டப்ப அதுல ராஜபாளையமும் இருந்துச்சு. 2020 ஆகஸ்ட்ல பிரதமர் தன்னோட வானொலிப் பேச்சுல இந்த நாலு தமிழ்நாட்டு இனங்களையும் பேர் சொல்லிக் குறிப்பிட்டார். நாட்டு இனத்தை வளர்க்கணும்ங்கிற ஆசை நல்ல ஆசைதான். நம்ம வெயிலைத் தாங்கும். ரோமம் குட்டை, பராமரிப்பு கம்மி. ஹஸ்கி வாங்கி நாள் முழுக்க ஏசி போடுறதைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம். (தமிழ்நாடு அரசோட 2024 நாய் இனப்பெருக்கக் கொள்கை ஹஸ்கி மாதிரி குளிர்ப் பிரதேச இனங்களை இங்க இனப்பெருக்கம் பண்ணவே கூடாதுன்னு சொல்லியிருந்துச்சு.)

ஆனா ஒரு விஷயத்தை யோசிங்க. 1972-ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. முயல் வேட்டை, பன்றி வேட்டை எல்லாம் குற்றமாச்சு. இந்த நாய்களோட உத்தியோகமே சட்டப்படி போயிடுச்சு. கால், நுரையீரல், மூளை எல்லாம் அந்த உத்தியோகத்துக்கு அமைஞ்சபடியே இருக்கு. அப்படிப்பட்ட ஒரு நாயை 10-க்கு 10 ரூம்ல கட்டிப்போட்டு, காலைல அஞ்சு நிமிஷம் தெருமுனை வரைக்கும் கூட்டிட்டுப் போனா, அது தனக்குத்தானே வேலை கண்டுபிடிச்சுக்கும். மெத்தையைக் கிழிக்கிறது ஒரு வேலை. கதவைப் பிறாண்டுறது ஒரு வேலை. டெலிவரி கொண்டுவர்ற தம்பியைத் துரத்துறது அதைவிட நல்ல வேலை.

பிடிவாதம்னு சொல்றமே, அதுவும் இதே கதைதான். லாப்ரடார் மனுஷன் சொன்னதும் போய் எடுத்துட்டு வர்றதுக்காக உருவான இனம். உங்க முகத்தைப் பாத்து அடுத்தது என்னன்னு கேக்கும். வேட்டை நாய் அப்படி நின்னா முயல் போயிடும். அது தானா முடிவெடுக்கணும்னுதான் தலைமுறை தலைமுறையா தேர்ந்தெடுத்தாங்க. அதனால நீங்க "வா"ன்னு கூப்பிடும்போது அது யோசிக்கும். எதிர்ல ஆடோ பூனையோ ஓடினா யோசிக்கவும் செய்யாது, போயிடும். அடிச்சா திருந்தும்னு நினைக்காதீங்க. உங்ககிட்ட வராம இருக்கத்தான் அது கத்துக்கும். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வார்த்தை, கையில கொஞ்சம் வேகவெச்ச கோழித் துண்டு. மாசக்கணக்குல இப்படிப் போனாத்தான் வழிக்கு வரும். ராஜபாளையத்துல இன்னொரு குணமும் உண்டு. பெரும்பாலும் ஒருத்தரைத்தான் முதலாளியா ஏத்துக்கும், வெளியாளை நம்பாது. தோப்பு வீட்டுக்கு அது பெரிய சொத்து. நாலு போர்ஷன், ஒரே மாடிப்படி, ஒரே தண்ணிக் குழாய் இருக்குற காம்பவுண்டுல அதே குணம் தினம் ஒரு சண்டை.

மாலினாய்ஸ் கேக்குறவங்களுக்கு ஒரு வரி. சி.ஆர்.பி.எஃப். மாதிரி படைகள்ல அந்த நாய்க்குன்னே ஒரு ஹேண்ட்லர் இருப்பார். அவருக்கு அதுதான் டியூட்டி, அதுக்குத்தான் சம்பளம். உங்களுக்கு சம்பளம் தர்ற கம்பெனி வேற டியூட்டி கொடுத்திருக்கு.

கணக்கு

நீங்க கையில ₹28,000 வாங்குறீங்கன்னு வெச்சுக்கலாம். இருபத்தஞ்சு கிலோ நாய். கீழ இருக்குற தொகை எல்லாம் நான் உதாரணத்துக்குப் போட்டது. உங்க ஏரியா விலையைப் போட்டு மாத்திக்கோங்க.

வீட்டுல சோறு, கோழி, முட்டை, காய் போட்டா மாசம் ₹3,500. உண்ணி மருந்து, குடற்புழு மருந்து ₹600. தடுப்பூசி, டாக்டர் செலவை வருஷத்துக்குக் கூட்டி 12-ஆல வகுத்தா ₹500. கயிறு, பாய், கடிச்சுத் துப்புற சாமான் ₹400. மொத்தம் மாசம் ₹5,000, வருஷம் ₹60,000. நாய் 12 வருஷம் இருக்கும், விலைவாசி வருஷம் 6% ஏறும்னு வெச்சா மொத்தம் சுமார் ₹10 லட்சம். குட்டி விலை பத்தாயிரம் இதுல 1%.

இது வரைக்கும் யாரும் போடக்கூடிய கணக்குதான். இப்ப அடுத்த வரி. இந்த மாதிரி நாய்க்கு ஓட்டம், நடை, பழக்குறது எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒன்றரை மணி நேரமாவது வேணும். வருஷத்துக்கு 547 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்ட்டா மாத்துங்க: 68 ஷிப்ட். மாசம் 26 நாள் வேலைன்னா உங்க ஒரு மணி நேரத்தோட மதிப்பு சுமார் ₹135. அப்ப நாய்க்குக் கொடுக்குற நேரத்தோட மதிப்பு வருஷத்துக்கு ₹73,800 கிட்ட வருது. சோறு, மருந்து எல்லாம் சேர்ந்ததைவிட அதிகம்.

"சார், அந்த நேரத்தை நான் ஒண்ணும் விக்கப்போறதில்லையே"ன்னு கேக்கலாம். சரிதான். ஆனா ஓ.டி. பாக்குறீங்க, டிகிரியை கரஸ்ல முடிக்கிறீங்க, அடுத்த கம்பெனிக்கு இன்டர்வியூ போறீங்க. அதெல்லாம் இதே மணி நேரத்துல இருந்துதான் வரணும். இருபத்தாறு வயசுல உங்ககிட்ட இருக்குற பெரிய சொத்து சம்பளம் ஏறக்கூடிய வாய்ப்பு. நாய் அதுல ஒரு பங்கு கேக்கும். கொடுக்கலாம், தப்பே இல்ல. கொடுக்கிறோம்னு தெரிஞ்சு கொடுக்கணும்.

நேரம் கொடுக்காம விட்டா அது பணமா வசூலாகும். கதவு நிலையைக் கடிச்சு வெச்சா வீட்டுக்காரர் அட்வான்ஸ்ல பிடிப்பார். நடக்காத நாய் குண்டாகும், மூட்டு வலி வரும். யாரையாவது கூட்டிட்டுப் போகச் சொல்லி மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் கொடுப்பீங்க.

ஷிப்ட்டு வேலைதான் சிக்கல்

சிப்காட்லயோ தேர்வாய் கண்டிகைலயோ காக்களூர் எஸ்டேட்லயோ வேலை பாக்குறவங்களுக்கு வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். கம்பெனி பஸ் ஏறி இறங்குற நேரமும் சேர்த்தா பத்து, பதினோரு மணி நேரம் வீட்டுல ஆள் இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்குற நேரத்துலதான் நாய்க்கு விடியும். கோடையில காலை ஏழு மணிக்கு மேல தார் ரோடு சுட ஆரம்பிச்சிடும். புறங்கையை ரோட்டுல அஞ்சு செகண்ட் வெக்க முடியலன்னா நாயும் நடக்க முடியாது. ஜெனரல் ஷிப்ட்ல இருக்குறவங்களுக்கு இது சமாளிக்கக்கூடிய விஷயம்.

ரூம்ல மூணு பேர் மூணு ஷிப்ட்ல இருந்தா இன்னும் சுலபம்னு தோணும். ஒரு அளவுக்கு உண்மைதான், எப்பவும் ஒருத்தர் இருப்பீங்க. ஆனா அதுல ஒருத்தர் ஓசூருக்கு வேலை மாறிப் போனா நாய் யாருக்கு? பார்ட்னர்ஷிப் டீட் இல்லாம ஆரம்பிச்ச எல்லா பிசினஸும் இந்த இடத்துலதான் முட்டும். முதல் நாளே ஒரு ஆள் பேர்ல எழுதிடுங்க. அவர்தான் ஓனர், மத்தவங்க உதவி.

இன்னொரு விஷயம் நம்ம ஏரியாவுக்கே உரியது. கவரைப்பேட்டையில இருந்து கும்மிடிப்பூண்டி வரைக்கும் கொல்கத்தா நெடுஞ்சாலையில லாரி நிக்காம ஓடும். ரோட்டை விட்டு உள்ள போனா ஆடு, கோழி மேயும். வார் இல்லாம அவிழ்த்து விட்ட சிப்பிப்பாறை இந்த ரெண்டுல ஒண்ணுக்குத்தான் போகும். ஆட்டைப் பிடிச்சா ஆட்டுக்காரருக்கு நீங்கதான் காசு கொடுக்கணும். ஆளைக் கடிச்சா பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவு இருக்கு. விலங்கை அலட்சியமா வெச்சிருந்தா 6 மாசம் வரை சிறை, இல்ல ₹5,000 வரை அபராதம், இல்ல ரெண்டும். ஓட விடணும்னா சுத்தி வேலி போட்ட இடம் வேணும். தெரிஞ்சவங்க மாந்தோப்போ காம்பவுண்டு போட்ட காலி மனையோ வாரத்துக்கு ரெண்டு நாள் கிடைச்சாக்கூட நாய் பாதி அமைதியாயிடும்.

சரி, கட்டியே வெச்சிடலாம்னா? 1960 பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தோட 11-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. எப்பவும் சங்கிலியில கட்டியோ அடைச்சோ வெச்சிருக்குற நாய்க்குத் தேவையான நடமாட்டம் கொடுக்காம விடுறதே வதைன்னு தெளிவா இருக்கு. அறுபது வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சு எழுதியிருக்காங்க. அபராதத் தொகையும் அறுபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினதுதான்: முதல் தடவைன்னா ₹10-ல இருந்து ₹50 வரைக்கும்!

வரி, இன்ஷூரன்ஸ், லைசென்ஸ்

சுருக்கமா சொல்லிடுறேன். நாயோட மருத்துவச் செலவுக்கு 80டி கிடையாது, கேக்காதீங்க. கால்நடை கிளினிக்ல வைத்தியத்துக்கு ஜிஎஸ்டி இல்ல. அதே கிளினிக்ல வாங்குற பாக்கெட் தீனிக்கு உண்டு, அதனால பில்லை ஒரு தடவை பாருங்க. நாய்க்கு இன்ஷூரன்ஸ் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள்கிட்ட இருக்கு. நம்ம சூழ்நிலைக்கு அதுல முக்கியமானது மூன்றாம் நபர் பாதிப்புக்கான கவர். அது இருக்கான்னு கேட்டு வாங்குங்க. மணலி, மாதவரம், அம்பத்தூர் பக்கம் குடியிருந்தா சென்னை மாநகராட்சி லைசென்ஸ் கட்டாயம். வாடகை வீடுன்னா நாய் வெச்சுக்க சம்மதம்னு அக்ரிமென்ட்லயே ஒரு வரி எழுதி வாங்கிடுங்க. வாய்வார்த்தை வீட்டுக்காரரோட மூடைப் பொறுத்தது.

வாங்கறப்பவும் ரெண்டு விஷயம். 2017 விதிகள்படி ரெண்டு மாசம் ஆகாத குட்டியை விக்கக் கூடாது, விக்கிறவர் பதிவு பண்ணியிருக்கணும். ராஜபாளையம்னா காது கேக்குதான்னு பாருங்க. வெள்ளை நிறத்தோட சேர்ந்து பிறவிச் செவிடு இந்த இனத்துல வர்றது உண்டு. குட்டி வேற பக்கம் பாத்துட்டு இருக்கும்போது பின்னாடி நின்னு கை தட்டுங்க. கூட்டமா இருக்கும்போது பாக்காதீங்க, மத்த குட்டிங்க திரும்பினா இதுவும் திரும்பும். தனியா எடுத்து வெச்சுப் பாக்கணும்.

90 நாள் ரிகர்சல்

வாங்கணும்னு முடிவே பண்ணிட்டீங்கன்னா, அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. தனி சேவிங்ஸ் அக்கவுன்ட்ல மாசாமாசம் ₹5,000 போடுங்க. தினமும் முக்கால் மணி நேரம் காலைல, முக்கால் மணி நேரம் சாயங்காலம் நடங்க. நாய் இல்லாமதான். மழை பெஞ்சாலும், நைட் ஷிப்ட் முடிச்சு வந்தாலும், பொங்கலுக்கு ஊருக்குப் போற பஸ் நைட் ஒன்பது மணிக்குன்னாலும். மூணு மாசத்துல 90 நாள்ல 80 நாள் நடந்திருந்தா தாராளமா வாங்குங்க. கையில ₹15,000-மும் இருக்கும், அதுதான் உங்க நாயோட எமர்ஜென்சி ஃபண்ட். முதல் வருஷத்துல குடல் வைரஸோ உண்ணிக் காய்ச்சலோ வந்து, ராத்திரியில கார் பிடிச்சு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வந்தா அந்தப் பணத்தோட அருமை புரியும்.

நாற்பது நாள்தான் முடிஞ்சுதுன்னா வேட்டை இனம் வேண்டாம். தெருவுல பிறந்த, ரெண்டு மூணு வயசான, சாதுவான நாட்டு நாயைத் தத்தெடுங்க. வளர்ந்த நாயோட குணம் கண்ணுக்குத் தெரியும், குட்டிகிட்ட அது தெரியாது.

ஏற்கெனவே வாங்கிட்டு முழிக்கிறவங்களும் இருப்பீங்க. பி.பி.எஃப். 15 வருஷம்னாலும் ஏழாவது வருஷத்துல இருந்து கொஞ்சம் எடுக்க வழி வெச்சிருக்காங்க, நாய்க்கு அப்படி எதுவும் கிடையாது. நெடுஞ்சாலையில இறக்கி விட்டுட்டு வந்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, பட்டினி கிடக்கும்படி கைவிடுறதும் அதே 11-வது பிரிவுதான். முதல்ல ஆறு வாரம் ஓட்டத்தை ரெண்டு மடங்கு ஆக்கிப் பாருங்க. தீனியைத் தட்டுல வெக்காம வீட்டுக்குள்ள அங்கங்க ஒளிச்சு வெச்சுத் தேட விடுங்க, அதுக்கும் மூளை களைக்கும். அப்பவும் முடியலன்னா தோட்டம், பண்ணை வெச்சிருக்குற தெரிஞ்சவங்ககிட்ட நேர்ல போய்ப் பாத்து, தடுப்பூசி புத்தகத்தோட கொடுங்க. முதல் ரெண்டு வாரம் தீனிச் செலவை நீங்களே கட்டுங்க.

நான் மேல போட்ட கணக்கோட எக்செல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழ வெச்சிருக்கேன். மஞ்சள் கட்டத்துல உங்க சம்பளம், வேலை நாள், நாய்க்கு ஒதுக்குற நேரம் மூணையும் போடுங்க. எத்தனை ஷிப்ட்னு அதுவே சொல்லிடும்.