கொக்கியில் திரும்பும் தசை

வாயின் மேற்கூரையில் முன்பக்கம் எலும்பாலான பகுதி வல்லண்ணம் என்றும், அதன் பின்னே தொடர்ந்து உள்நாக்கில் முடியும் சதைப்பகுதி மென்னண்ணம் என்றும் வழங்கப்படுகின்றன. விழுங்கும் கணத்தில் மென்னண்ணம் மேலெழுந்து மூக்கின் பின்வாயிலை அடைத்துவிடுவதால்தான், குடித்த நீர் மூக்கில் ஏறாமல் தொண்டைக்குள் இறங்குகிறது. அதைத் தூக்குவது ஒரு தசை. தூக்கும்போது அது தொய்ந்துவிடாமல் இழுத்து விறைப்பாக்குவது, மருத்துவ நூல்கள் டென்சர் வெலி பலட்டினி என்று குறிக்கும் மற்றொரு தசை.

பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இத்தசை, மண்டையோட்டின் அடித்தளத்திலுள்ள ஆப்பெலும்பிலும் செவிக்குழலின் சுவரிலும் தோன்றிக் கீழிறங்குகிறது. மேலிருந்து வரும் தசையால் மேல்நோக்கி மட்டுமே இழுக்க முடியும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் இதன் தசைநாண், மேல் கடைவாய்ப்பல்லுக்குச் சற்றுப் பின்னே உள்ள கொக்கி வடிவ எலும்பு முனையைச் சுற்றி, கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவதுபோல் செங்கோணமாகத் திரும்பி, மென்னண்ணத்துக்குள் விசிறியாக விரிந்து மறுபக்கத்து நாணுடன் இணைகிறது. இரு பக்கமும் ஒருங்கே இழுபடும்போது, நான்கு கை பிடித்து இழுத்த துணிபோல் மென்னண்ணம் விறைக்கிறது.

மென்னண்ணத்தின் ஐந்து தசைகளில் நான்கை வேகஸ் நரம்பின் கிளைகள் இயக்க, இதை மட்டும் மெல்லும் தசைகளுக்குரிய நரம்பு இயக்குகிறது. கருவில் மெல்லும் தசைகள் உருவாகும் அதே வளைவிலிருந்து இதுவும் உருவாவதே அதற்குக் காரணம்.

உண்மையில் இத்தசையின் பெரிய ஊழியம் காதுக்கே. நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைக்கும் செவிக்குழல், 16ஆம் நூற்றாண்டின் இத்தாலிய உடற்கூற்றியலாளர் யூஸ்டாக்கியின் பெயரைத் தாங்கியது. பெரியவர்களிடம் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர் நீளமுள்ள அது, பெரும்பாலும் மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் இத்தசை அதன் சுவரை இழுத்துத் திறக்க, செவிப்பறையின் இருபுறக் காற்றழுத்தமும் சமமாகிறது. விமானம் இறங்கும்போது அடைத்த காது, எச்சில் விழுங்கியதும் 'பட்' என்று திறப்பது இதனால்தான்.

அண்ணப்பிளவுடன் பிறக்கும் குழந்தைகளிடம் இருபக்கத் தசைகளும் நடுவில் இணையாமையால் இழுவை பிடிப்பற்றுப் போகிறது. குழந்தைகளின் செவிக்குழல் இயல்பாகவே குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால் நடுச்செவியில் நீர் எளிதில் தேங்கிக் கேள்வித்திறன் குறைகிறது. ஆகவே, பிளவை அறுவையால் மூடிய பின்னரும் மருத்துவர்கள் அக்குழந்தைகளின் காதுகளைத் தொடர்ந்து சோதிப்பதுடன், தேவைப்பட்டால் செவிப்பறையில் காற்று புகுவதற்கான நுண்குழாயையும் பொருத்துகின்றனர்.