மருந்துக் கூர்க்கன்: பூவைக் கிள்ளு, வேரைக் காப்பாற்று

புதினா, துளசி, தும்பை, கற்பூரவல்லி எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள். மலைச்சரிவில் இவற்றுக்கு ஓர் உறவு உண்டு. அதுவே மருந்துக் கூர்க்கன். இலையைக் கசக்கினால் மணக்கும். ஊதாப் பூ கதிராக நிற்கும். ஆனால் விலை பூவுக்கு அல்ல, தடித்த வேருக்கு. குஜராத்தில் அதை ஊறுகாயும் போடுகிறார்கள்.

வேரில் உள்ள 'போர்ஸ்கோலின்' என்ற மருந்துப் பொருளை 1970களில் பம்பாய், லக்னோ ஆராய்ச்சியாளர்கள் பிரித்தெடுத்தனர். இரத்த அழுத்தத்தையும் கண்ணின் உள்ளழுத்தத்தையும் தணிக்கும் தன்மை அதற்கு உண்டு. உடம்பை இளைக்க வைக்கும் என்று வெளிநாடுகளில் மாத்திரையாகவும் விற்கிறார்கள். அதற்கு வலுவான சான்று கிடையாது. வேரைத் தோண்டினால் செடியே போய்விடும். காட்டில் செடி அருகியது. சேலம் பக்கத்து விவசாயிகள் கம்பெனி ஒப்பந்தத்தில் வயலில் பயிரிடலாயினர்.

நுனித்தண்டை 10 செ.மீ. அளவில் வெட்டி, நாற்றங்காலில் வேர்விடச் செய்து, 60 செ.மீ. இடைவெளிப் பார்களில் நடவேண்டும். பூ வந்ததும் கிள்ளிவிட வேண்டும். அப்போதுதான் வேர் பருக்கும். ஆறு மாதத்தில் அறுவடை. நன்கு விளைந்தால் ஏக்கருக்கு 6 முதல் 8 டன் பச்சை வேர் கிடைக்கும். காய்ந்தால் ஏறத்தாழ 800 கிலோதான் தேறும்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டார விவசாயிகள் இதில் இறங்குமுன் மழையைக் கணக்கில் கொள்ளவேண்டும். ஆனி, ஆடியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழை வேர் பருக்கும் சமயத்தில் வந்து சேரும். ஏரிப் பாசனத்துக் களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். மேட்டுப்பாங்கான செம்மண் நிலமே ஏற்றது. பாரையும் உயர்த்திப் போடவேண்டும்.

நூற்புழு இன்னொரு பகை. கத்தரி, தக்காளி, வெண்டை எடுத்த நிலத்தில் உடனே நடக்கூடாது. இடையில் ஒரு போகம் துலுக்கச் சாமந்தி போட்டால் புழு குறையும். பூவும் கோயம்பேட்டில் விற்கும்.

வாங்குபவர் யார், பச்சை வேருக்கா காய்ந்த வேருக்கா விலை, சாக்குக்கும் லாரிக்கும் யார் பொறுப்பு என்பதை நடவுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்க. ஊர்ச் சந்தையில் இதற்குக் கிராக்கி இல்லை. முதல் வருஷம் ஐந்து சென்ட் போதும்.