நெல் அளந்து பாடம் சொன்ன ஊர்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையை விட்டு விலகி உள்ளே சென்றால் எண்ணாயிரம் என்று ஒரு சிற்றூர் வரும். பேரைக் கேட்டால் பெரிய பட்டணம் என்றுதான் தோன்றும். போய்ப் பார்த்தால் வயல்களும், பாறைக் குன்றுகளும், ஒரு பழைய பெருமாள் கோயிலும்தான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே 340 மாணாக்கர் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குச் சோறும் இலவசம், பாடமும் இலவசம்!

இது கட்டுக்கதை அல்ல. அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். கங்கை கொண்ட சோழன் என்று பேர் பெற்ற முதலாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு அது. கல்வெட்டுத் துறையினர் 1917-ஆம் ஆண்டில் அதைப் படியெடுத்தார்கள். அப்போது இவ்வூருக்கு ராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்று பேர். அரசன் ஆணைப்படி ஊர்ச் சபையார் கூடிச் செய்த ஏற்பாடுதான் இந்தக் கல்லூரி.

கணக்கைப் பாருங்கள். இளைய மாணாக்கர் 270 பேர். ரிக் வேதம் 75, யஜுர் வேதம் 75, இலக்கணம் 40. மற்ற வேதப் பிரிவுகளுக்கு மீதிப் பேர். மேல்படிப்புக்கு 70 பேர்: வியாகரணம் 25, மீமாம்சை 35, வேதாந்தம் 10. ஆசிரியர் மொத்தம் 14 பேர். இன்றைய பள்ளிக்கூட வருகைப் பதிவேடுகூட இவ்வளவு சுத்தமாக இருக்குமா என்பது சந்தேகம்தான்.

இளையவர் ஒவ்வொருவருக்கும் தினம் 6 நாழி நெல். மூத்தவருக்கு ஒரு குறுணி 2 நாழி, அதாவது 10 நாழி. கூட்டினால் மாணாக்கருக்கு மட்டும் நாள் ஒன்றுக்கு 2,320 நாழி, ஏறக்குறைய 24 கலம்! இத்தனை நெல்லுக்கு எங்கே போவது? அதற்காக 45 வேலி நிலத்தை ஒதுக்கினார்கள். படிப்பை நடத்தியது பொற்காசு அல்ல, வயல்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இது வேதம் படித்த அந்தணப் பிள்ளைகளின் கல்லூரி. அந்த வயல்களில் நாற்று நட்டவர், கதிர் அறுத்தவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இங்கே இடம் இல்லை. பாடங்களிலே தமிழும் இல்லை. விளைந்த நெல் உள்ளே போயிற்று. விளைத்தவன் பிள்ளை வெளியே நின்றான்.

இந்த ஒரு ஊர் மட்டும் அல்ல. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகும் வழியில் உள்ள திருபுவனையிலும் இப்படி ஒரு கல்லூரி நடந்தது. அங்கே 260 மாணாக்கர், 12 ஆசிரியர் என்கிறது 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. சீமையிலே ஆக்ஸ்போர்டில் பாடம் சொன்னதற்குக் கிடைக்கும் பழைய தகவலே 1096-ஆம் ஆண்டுக்குரியதுதான்.

எண்ணாயிரத்தில் கல்வி சோழரோடு தொடங்கியதும் அல்ல போலும். பக்கத்துக் குன்றுக் குகையிலே சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. எட்டாயிரம் சமணர் இருந்ததால் எண்ணாயிரம் என்று பேர் வந்ததாக ஒரு கதை. எட்டாயிரம் அந்தணர் குடியேறியதால் வந்தது என்று இன்னொரு கதை. எட்டாயிரம் தலையை எண்ணிய கல்வெட்டு ஏதும் இல்லை. கல்லில் இருப்பது அந்த 340 பேரும் 14 ஆசிரியரும், அவர்களுக்கு அளந்த நெல்லும்தான்.

செஞ்சிக் கோட்டை பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்கள் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். குகைக்கு ஏறுகிறவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுவது நல்லது, பாறை சுடும்.